ஜன்னலில் நின்றவர் எங்கே?

பேத்தி இந்த வருஷம் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். தமிழ்ப் பாடத்தில் வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' வைத்திருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை வந்தவள், புத்தகத்தை என் பக்கம் தள்ளிவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். "தாத்தா, கதையில இத்தனை பேர் இருக்காங்க. போயும் போயும் ஒரு மரம் எதுக்கு வந்து கதை சொல்லணும்?"

பரீட்சைக்கு எழுதுகிற மாதிரி ஒரு பதிலைச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் போன பிறகு அது போதவில்லை என்று தோன்றியது. இந்தக் கேள்வியோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி இந்தத் தளத்தில் இதுவரை எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன். சற்று நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மரத்தைப் பார்த்துவிடுவோம்.

அந்தக் கதை 1915-இல் 'விவேகபோதினி'யில் வந்தது. ஐயர் அப்போது புதுச்சேரியில் இருந்தார். கதையைத் தன் பெயரில் போடாமல் மனைவி பாக்கியலட்சுமி அம்மாள் பெயரில் போட்டார். 1917-இல் 'மங்கையர்க்கரசியின் காதல்' தொகுப்பில் சேர்ந்தது. ஒரு ஆண், தன் மனைவியின் பெயரைப் போர்த்திக்கொண்டு, ஒரு மரத்தின் வாயால், ஒரு சின்னப் பெண்ணின் கதையைச் சொல்கிறார். எத்தனை முகமூடி என்று எண்ணிப் பாருங்கள். தாகூரின் வங்கக் கதை ஒன்றில் ஆற்றுப் படித்துறை கதை சொல்லும். அதன் சாயல் இதில் இருக்கிறது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இருக்கட்டும். படித்துறையை நம் ஊர் மரமாக நட்டு வளர்ப்பதற்கும் கைவண்ணம் வேண்டும்.

கதையில் ருக்மிணியின் அப்பா பணத்தை அர்பத்நாட் கம்பெனியில் போட்டு வைத்திருப்பார். அது திவாலாகும். இது ஐயர் கற்பனை செய்ததல்ல. அர்பத்நாட் வங்கி 1906 அக்டோபரில் நிஜமாகவே விழுந்தது. நம் வடசென்னைக்காரர்கள் துறைமுகத்துக்குப் போகிற அதே கடற்கரைச் சாலையில்தான் அதன் வியாபாரம் நடந்தது. மாகாணம் முழுக்க எத்தனையோ குடும்பங்கள் ஒரே நாளில் தெருவுக்கு வந்தன. 'இனி நம்ம ஜனங்களே ஒரு வங்கி வைக்க வேண்டும்' என்று வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் முனைந்து 1907-இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். என் ஓய்வூதியம் அந்த வங்கிக்குத்தான் வருகிறது என்பது உபரிச் செய்தி.

பணம் போனதும் ருக்மிணியின் மாமியார் வீடு முகம் திருப்பிக்கொள்கிறது. கணவன் நாகராஜனுக்கு வேறு பணக்கார இடத்தில் பெண் பார்க்கிறார்கள். அவன் மனத்தில் வேறு திட்டம். சம்மதிப்பதுபோல் நடித்துக் கடைசி நேரத்தில் பெற்றோர் முகத்தில் கரி பூச வேண்டும் என்று நினைக்கிறான். இதைத் தன் நண்பன் ஸ்ரீநிவாசனிடம் குளத்தங்கரையில் வைத்துச் சொல்கிறான். அரசமரம் கேட்டுக்கொண்டிருக்கிறது. பிறகு ஒரு ராத்திரி ருக்மிணி அதே மரத்தடியில் அவனைக் கண்டு மன்றாடுகிறாள். அப்போதும் அவன் விஷயத்தை உடைக்கவில்லை. அவள் குளத்தில் இறங்கிவிடுகிறாள்.

இப்போது பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். அந்த ஊரில் இரண்டு பக்கத்து ரகசியமும் தெரிந்து, அந்த இடத்தை விட்டு நகராமல் இருக்கிற ஜீவன் மரம் ஒன்றுதான். 'அவன் உன்னைக் கைவிடவில்லையடி' என்று ஒரு வார்த்தை சொன்னால் பெண் பிழைத்துவிடுவாள். மரத்துக்கு வாய் இல்லை. இதே கதையை நாகராஜன் சொல்லியிருந்தால் அது அவனுடைய பச்சாத்தாபமாகப் போயிருக்கும். ருக்மிணி சொல்லியிருந்தால் அவளுக்கு அவன் திட்டமே தெரியாது, நமக்கும் தெரிந்திருக்காது. பக்கத்து வீட்டு மாமி சொல்லியிருந்தால் வம்புக்கதை. மரம் சொல்வதால்தான், தெரிந்திருந்தும் சும்மா நின்றவர்களின் வேதனை கதைக்குள் வருகிறது. வாசகரும் மரத்தைப் போலத்தானே? எல்லாம் தெரிந்துகொண்டு, ஒன்றும் செய்ய முடியாமல், பக்கத்தைப் புரட்டுகிறோம்.

'நோக்குநிலை', 'கதைசொல்லி' என்று இன்றைய விமர்சகர்கள் எழுதுவதைப் பார்த்து, இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த சங்கதி என்று சிலர் நினைக்கிறார்கள். சிறுகதை வேண்டுமானால் அங்கிருந்து வந்தது. யார் பேசுகிறார் என்ற கணக்கு நம்மிடம் வெகு காலமாக இருக்கிறது. குறுந்தொகையை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே இது யார் கூற்று என்று குறிப்பு இருக்கும். தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று, பரத்தை கூற்று. புலவன் தன் பெயரில் வந்து எதையும் சொல்வதில்லை. யார் எந்தச் சமயத்தில் பேசலாம் என்றெல்லாம் தொல்காப்பியத்தின் பொருளதிகாரம் வரிசையாகச் சொல்கிறது. அகப்பாட்டில் ஆளின் பெயர் வரக்கூடாது என்றும் விதி. பெயர் இல்லாததால், பேசுகிற குரலை வைத்தே ஆளை அறிந்துகொள்ள வேண்டும். அந்தக் கூற்றுகளில் எனக்கு மிகவும் பிடித்தது 'கண்டோர் கூற்று'. வீட்டை விட்டுப் போகிற காதலர்களை வழியில் பார்த்தவர்கள் பேசுவது. கதையில் அவர்களுக்குப் பங்கு இல்லை. பார்த்தார்கள், அவ்வளவுதான். இந்தக் 'கண்டோர்' பின்னால் மறுபடியும் வருவார்கள், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதுமைப்பித்தனைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், அதனால் சுருக்கமாக. 1934-இல் மணிக்கொடியில் வந்த 'பொன்னகரம்' கதையில் கதை சொல்பவர் நம்மைக் கூட்டிக்கொண்டு சந்துக்குள் நடக்கிறார். ஆலைத் தொழிலாளி அம்மாளு, அடிபட்டுக் கிடக்கிற வண்டிக்காரப் புருஷன், பால்கஞ்சிக்குக் காசு இல்லை. கடைசியில் அம்மாளுவை விட்டுவிட்டுச் சட்டென்று நம் பக்கம் திரும்பிவிடுகிறார் மனிதர். கற்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அன்றைய படித்த கூட்டத்துக்குக் கன்னத்தில் அறை. ஆனால் ஒன்று. அம்மாளு என்ன நினைத்தாள் என்று அந்தக் கதையில் கடைசிவரை தெரியாது. அவளுக்காக இன்னொருவர் கோபப்படுகிறார். 1943-இல் எழுதிய 'செல்லம்மாள்' கதையிலும் சாகிற மனைவியை நாம் புருஷன் பிரமநாயகம் பிள்ளையின் கண் வழியாகத்தான் பார்க்கிறோம். அங்கே கோபம் இல்லை. ஜவுளிக்கடைச் சிப்பந்தியின் அலுப்பும் பாசமும் கலந்த பார்வை மட்டும். அதனால்தானோ என்னவோ, அம்மாளுவைவிடச் செல்லம்மாள் எனக்கு நெருக்கமாகத் தெரிகிறாள். அதே வருஷம் எழுதிய 'காஞ்சனை'யில் கதை சொல்கிற எழுத்தாளரையே நம்பலாமா வேண்டாமா என்று நம்மைத் தவிக்க விடுகிறார். ஒரே ஆள், மூன்று இடத்தில் நின்று பார்த்திருக்கிறார்.

ஜெயகாந்தனிடம் நடந்தது இன்னும் விசேஷம். ஒரே சம்பவம், இரண்டு முறை, இரண்டு வாய். எனக்குத் தெரிந்து தமிழில் இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

'அக்கினிப் பிரவேசம்' 1966-இல் ஆனந்த விகடனில் வந்தது. மழை நாள், பஸ் நிறுத்தம், கல்லூரிப் பெண், ஒரு கார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழுகிறாள். முதலில் பதறிய அம்மா, பிறகு மகள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்கிறாள். கதையை எல்லாம் அறிந்த ஒருவர் படர்க்கையில் சொல்கிறார். பெண்ணின் மனத்துக்குள் போகிறார், தாயின் மனத்துக்குள்ளும் போகிறார். முடிவில் பாரம் முழுவதும் தாயின் மேல் வந்து நிற்கிறது. அது ஒரு தாயின் பெருந்தன்மையைப் பற்றிய கதை. அன்றைக்குத் தமிழ்நாட்டில் ஒரு கலவரமே நடந்தது என்று சொல்லலாம். எப்படி மன்னிக்கலாம் என்று வீட்டுக்கு வீடு வாதம்.

அதற்குப் பிறகு ஜெயகாந்தன் ஒரு காரியம் செய்தார். அம்மா அப்படித் தண்ணீர் ஊற்றவில்லை, கூச்சல் போட்டு ஊருக்கே தெரியவைத்துவிட்டாள் என்று வைத்துக்கொண்டு தொடர்கதை எழுதினார். தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்று வந்தது. புத்தகமானபோது 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அதற்கு 1972-இல் சாகித்ய அகாதெமி பரிசு. 1977-இல் பீம்சிங் இயக்கிப் படமாக வந்து லட்சுமிக்குத் தேசிய விருதும் கிடைத்தது. இதெல்லாம் பலருக்கும் தெரியும். நான் சொல்ல வருவது வேறு. நாவலில் அந்தப் பெண்ணுக்குக் கங்கா என்று பெயர் வருகிறது, உத்தியோகம் வருகிறது, முக்கியமாக 'நான்' என்ற சொல் வருகிறது. அவள் கையிலேயே அந்தப் பழைய சிறுகதை ஒரு பத்திரிகையில் கிடைக்கிறது. எழுதியவர் ஆர்.கே.வி. என்ற பாத்திரம். தன் வாழ்க்கையை இன்னொருவர் படர்க்கையில் அழகாக முடித்து வைத்திருப்பதை அவள் படிக்கிறாள். அந்த அம்மா ஏற்றுக்கொண்டாள், என் அம்மா அப்படிச் செய்யவில்லையே!

ஜெயகாந்தன் தன் கதையைத் தன் பாத்திரத்திடமே கொடுத்துக் கேள்வி கேட்க வைத்தார். படர்க்கையில் சொன்னபோது பொருள் மன்னிப்பு. தன்மையில் அவளே சொன்னபோது, 'மன்னிக்க நீங்கள் யார்' என்பதுவரை போய்விடுகிறது. இந்த இடம் எனக்கு எப்போது உறைத்தது என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

நான் சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில் ஒரு தனியார் யார்டில் எடைமேடைக் கிளார்க்காக இருந்தவன் என்பது வாசகர்களுக்குத் தெரியும். பாரிமுனை நெரிசலில் இருந்த இரும்பு வியாபாரத்தை வெளியே கொண்டுவரச் சி.எம்.டி.ஏ. ஏற்படுத்திய இடம் அது. மணலி சாலையில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். என் வேலை ஒரு சின்ன அறையில். ஒரு ஜன்னல், ஒரு மேஜை, எடைச்சீட்டுப் புத்தகம். காலி வண்டி எடை, லோடு வண்டி எடை, கழித்தால் சரக்கு. ராத்திரி ஷிஃப்டில் வண்டி வராத நேரம் படிப்பேன். மேலே சொன்ன கதைகளில் பாதி அந்த ஜன்னலோரத்தில் படித்ததுதான்.

எங்கள் யார்டில் லோடு ஏற்றுகிறவர்களுக்கு ஒரு மேஸ்திரி இருந்தார். பெயர் வேண்டாம். ஒரு நாள் சாயங்காலம் ஆங்கிள் கட்டு ஒன்றைக் கிரேனில் தூக்கும்போது சங்கிலியிலிருந்து நழுவி அவர் இடது காலில் இறங்கியது. இரண்டு விரல் போயிற்று. வழக்கமாக இரண்டு இடத்தில் சங்கிலி போடுவார்கள். அன்று ஒரே இடத்தில் போட்டிருந்தார்கள். அவசரம்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டுப் பதிவேட்டில் எழுதச் சொன்னார்கள். சொன்னபடி எழுதினேன். 'தொழிலாளியின் கவனக்குறைவால் விபத்து ஏற்பட்டது.' என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த வரியும் அழகாகத்தான் இருந்தது.

அது உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு வருஷம் கழித்து எங்கள் குடியிருப்புப் பொங்கல் மலருக்குக் கதை கேட்டார்கள். பிராயச்சித்தம் மாதிரி அந்த மேஸ்திரியைப் பற்றி எழுதினேன். புதுமைப்பித்தன் அம்மாளுவுக்குப் பேச்சுக் கொடுக்கவில்லை, நான் கொடுக்கிறேன் என்று மனத்தில் ஒரு மிதப்பு. மேஸ்திரியே சொல்வதுபோல் 'நான்', 'என் கால்', 'என் மகள்' என்று எழுதினேன். முதலாளியைத் திட்டினேன், கிரேனைத் திட்டினேன், இரும்பையே திட்டினேன். படித்த நண்பர்கள் கண் கலங்கியதாகச் சொன்னார்கள்.

மலரை மேஸ்திரி வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பத்தாவது படித்த மகள் உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறாள். அடுத்த வாரம் ஜன்னலுக்கு வந்தார்.

"சோக்கா கீது சார். பொண்ணு படிக்கச் சொல்ல என் சம்சாரம் அழுதுட்சு."

"சந்தோஷம் மேஸ்திரி."

"ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டியே சார்? அன்னிக்கு இந்த ஜன்னலாண்ட ஒரு ஆளு நின்னுனு, 'சீக்கிரம் ஏத்துங்கப்பா, பின்னால அஞ்சு வண்டி நிக்குது'ன்னு கொரல் குட்த்துனே இருந்தாரே. கதைல அவரு எங்க பூட்டாரு?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் எடைச்சீட்டுப் புத்தகத்தைத் திறந்து எதையோ தேடுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படர்க்கையில் எழுதிய பதிவேட்டிலும் நான் இல்லை. தன்மையில் எழுதிய கதையிலும் நான் இல்லை. அவருடைய 'நான்' எனக்கு நல்ல மறைவிடமாக இருந்திருக்கிறது. அவர் வாயால் சொல்ல ஆரம்பித்தவுடன் அந்த ஜன்னல் கதையிலிருந்து தானாகக் காணாமல் போய்விட்டது. அவரே சொல்லியிருந்தால் ஜன்னல் முதல் வரியிலேயே வந்திருக்கும். கங்கா அந்தப் பத்திரிகைக் கதையைப் படித்த இடத்தை அன்று ராத்திரி எடுத்து மறுபடி படித்தேன். இந்த முறை நான் ஆர்.கே.வி. பக்கம் நின்றிருந்தேன்.

அதன் பிறகு பல வருஷம் கதை எழுதவில்லை. என்னை மறுபடி எழுத வைத்தது அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்'. 1973-இல் எழுதிய கதை. அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோவில் பல வருஷம் வேலை பார்த்தவர். கதையும் ஒரு ஸ்டுடியோ ஆபீசில்தான் நடக்கிறது. (ஜெமினி மேம்பாலம் திறந்ததும் அதே 1973-தான்.) சொல்கிறவர் அந்த ஆபீஸ் ஊழியர்களில் ஒருவர். சம்பளம் வருகிறது, வேலை அதிகம் இல்லை. காதர் என்று ஒருவர் வேலை கேட்டு வருகிறார். நோஞ்சான், கெஞ்சுகிற குரல். புலிவேஷம் கட்டுவேன் என்கிறார். அந்த அறையிலேயே செய்து காட்டுகிறார். மேஜை நாற்காலிகளுக்கு நடுவே மனிதன் மறைந்து புலி வந்துவிடுகிறது. எல்லோரும் உறைந்துபோகிறார்கள். முடிந்ததும் பழையபடி கெஞ்சுகிற காதர். பிறகு வாய்ப்பு வந்தபோது அவருக்குப் போட்ட கடிதம் திரும்பி வந்துவிடுகிறது.

அசோகமித்திரன் காதரின் மனத்துக்குள் ஒரு முறைகூடப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் வீட்டைப் பற்றி, அவரே வாய்விட்டுச் சொல்வதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரிந்தது மட்டும்தான் கதையில் இருக்கிறது. காதருக்காக அவர் அழுவதில்லை, யாரையும் திட்டுவதில்லை. ஆனால் அந்த நாற்காலியைக் கதையை விட்டு வெளியே எடுத்துப் போடவும் இல்லை. கேட்கிறவர் நிற்கிறார், கேட்கப்படுகிறவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அந்த இடைவெளி அப்படியே இருக்கிறது. அதனால்தான் காதர் ஒரு முழு மனிதராக எழுந்து நிற்கிறார் என்று நினைக்கிறேன். அனுதாபத்தை அள்ளிக் கொட்டியிருந்தால் அந்தப் புலி வந்திருக்காது.

கண்டோர் கூற்று என்று முன்னால் சொன்னேனே, இது அதுதான். சங்கப் பாட்டில் கண்டோர் வழிப்போக்கர்கள், அவர்களுக்குச் சிக்கல் இல்லை. ஆபீஸ் அறையில் உட்கார்ந்து கண்டவனுக்குச் சிக்கல் உண்டு. அரசமரத்துக்கு வாய் இல்லை என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு வாய் இருந்தது. அன்று அது வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

2016-இல், ஓய்வு பெற்ற மறு வருஷம், அந்தக் கதையை மறுபடி எழுதினேன். ஜன்னலில் நிற்கிற கிளார்க் சொல்வதாக. அவனுக்கு என்ன தெரியுமோ அது மட்டும். மேஸ்திரிக்கு எவ்வளவு வலித்தது என்று அவனுக்குத் தெரியாது, எழுதவில்லை. மகள், சம்சாரம் எல்லாம் போய்விட்டார்கள். முதலாளியைத் திட்டிய பக்கமும் போய்விட்டது. அவன் கத்தியது முதல் வரி. பதிவேட்டில் எழுதியது கடைசி வரி. பதினொரு பக்கக் கதை நான்கு பக்கமாகிவிட்டது.

மேஸ்திரி இப்போது எர்ணாவூரில் மகள் வீட்டில் இருக்கிறார். கண்ணில் புரை. போய் நானே படித்துக் காட்டினேன். மகள் காப்பி கொண்டு வந்து வைத்தாள், அவளும் நிலைப்படியில் உட்கார்ந்து கேட்டாள். படித்து முடித்ததும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. இடது காலை நீட்டித் தடவிக்கொண்டார்.

"எல்லாம் கரீட்டு சார். அஞ்சு வண்டின்னு எழுதிக்கிறியே, அதான் தப்பு. நானும் அப்ப அஞ்சுன்னுதான் சொன்னேன், நீ கத்துனத வச்சி. அன்னிக்கு பின்னால நின்னது மூணு வண்டிதான் சார். படுத்துனு கீய சொல்ல எண்ணிப் பாத்தேன்."

பையிலிருந்து பேனாவை எடுத்து, ஐந்தை அடித்துவிட்டு, பக்கத்தில் மூன்று என்று எழுதப் போனேன். பிறகு யோசித்து, கிளார்க் கத்துகிற வரியில் ஐந்தை ஐந்தாகவே விட்டுவிட்டு, அதற்கு அடுத்த வரியில் எழுதினேன்: நின்றது மூன்று.